நன்றாகப் பேசும், எழுத வராது: பரிசோதனை முதல் தேர்வுச் சலுகை வரை

"அறுபது மார்க் வாங்குகிறானே, இவனுக்கு எதற்குச் சான்றிதழ்?" கூர்மையான அறிவும் டிஸ்லெக்சியாவும் (படிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) சேர்ந்த பிள்ளைக்காகக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கேட்டுப் போனால் முதலில் எதிர்ப்படும் கேள்வி இதுதான். பாதியை ஊகித்தே படித்துவிடும் பிள்ளைகள் இவர்கள்; மார்க் ஷீட்டில் சிரமம் தெரியாது. ஆகவே ஒரே கேள்விக்கு வாயால் சொன்ன பதிலையும் கையால் எழுதிய பதிலையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். ஒளிச்சேர்க்கை பற்றிப் பத்து நிமிடம் விளக்கிய பிள்ளை, அதே நேரத்தில் மூன்று வரிதான் எழுதியிருக்கும். தாளில் தேதியும் நேரமும் குறித்திருக்கட்டும்.

கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். அடுத்தது ஐக்யூ. இங்கேதான் திறமை காணாமல் போகிறது. குழந்தைகளுக்கான ஐக்யூ சோதனையான விஸ்க்கின் நான்காம் பதிப்பில் முக்கிய உட்சோதனைகள் பத்து. அவற்றில் நான்கு, கேட்டதை நினைவில் நிறுத்துவதையும் வேகமாகக் குறியிடுவதையும் அளப்பவை. பிள்ளை பெரும்பாலும் சறுக்குவது அவற்றில்தான். பகுத்தறிவில் 130, வேகத்தில் 85 என்றால், மொத்த ஐக்யூ திறமை, குறைபாடு இரண்டையுமே மறைத்துவிடும். மீதி ஆறை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஜிஏஐ (பொதுத் திறன் குறியீடு) எண்ணையும் அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சில ஐக்யூ சோதனைகளில் இந்த எண் கிடையாது. எதை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று முன்பே விசாரியுங்கள். களைத்த பிள்ளைக்கு வேகம் இன்னும் குறையும். காலை நேரமாக, இரண்டு நாளாகப் பிரித்துக் கேட்பது நல்லது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனை, சான்றிதழ், யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.

மாநில வாரியப் பொதுத்தேர்வுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்: கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். இந்தப் பிள்ளைகள் கணக்கை மனதிலேயே முடித்து விடையை மட்டும் சொல்வார்கள். படிகளுக்கான மார்க் போய்விடும். "அடைப்புக்குறி திற, அடுத்த வரி" என்று சொல்லப் பழக ஐந்தாறு மாதிரித் தேர்வாவது வேண்டும்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே வந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். எழுதச் சிரமப்படுபவர்களுக்கு 40 சதவீத வரம்பு தடையாகக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது.

பள்ளியிடம் இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாசிப்புப் பயிற்சிக்காகப் பிள்ளையை அறிவியல், கணக்கு வகுப்பிலிருந்து வெளியே அழைக்கக் கூடாது. பிள்ளை ஜொலிக்கும் இடமே அந்த வகுப்புதான்.