நியூ காசில் போய் வந்தது

பிப்ரவரி 8, 2025, சனி

மகளுக்கு இந்த வருஷத்து பாஸ்கெட்பால் சீசன் முடிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு அணி. ஜெயித்ததைவிடத் தோற்றது கொஞ்சம் அதிகம். நேற்று சாயங்காலம் கோச் எல்லாப் பிள்ளைகளுக்கும் பீட்சா வாங்கிக் கொடுத்து, ஒவ்வொருத்தியையும் எழுப்பி நிற்கவைத்து, அவளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பகலில் கணக்கு டீச்சர், மூன்று மணிக்கு மேல் கோச். கையில் துண்டுச்சீட்டு கூட இல்லை. பன்னிரண்டு பேரைப் பற்றியும் மனதிலிருந்தே சொன்னார்.

என் மகளைப் பற்றிச் சொன்னது: "பந்து தன் கையில் இல்லாத நேரத்திலும் இவள் ஆடிக்கொண்டே இருப்பாள்." பாயின்ட் கணக்கில் இவள் பெயர் கடைசிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவும் பத்துக்கு ஆறுதான். ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. நான் எல்லா ஆட்டத்தையும் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போது என்னிடம், "நியூ காசில் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். இந்த மாநிலத்துப் பாஸ்கெட்பால் வீரர்களையும் கோச்சுகளையும் கௌரவிக்கும் அருங்காட்சியகம் இருக்கும் ஊர் அது. இண்டியானாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, போனதில்லை. "அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள், அது அவளுடைய வீடு மாதிரி" என்றார். அந்த வார்த்தை ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 15, சனி

போய்விட்டு வந்தோம். கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

எழுபதாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், அப்புறம் வடக்கே திரும்பினால் நியூ காசில். வழி நெடுக மக்காச்சோள வயல், அறுத்த தட்டையின் அடிக்கட்டை மட்டும் வரிசை வரிசையாக நிற்கிறது. அநேகமாக எல்லா வீட்டு முன்னாலும் ஒரு வளையம். ஓர் இடத்தில் தானியக் கொட்டகைச் சுவரில் அடித்திருந்தார்கள். வலை இல்லை, வளையம் துருப்பிடித்திருந்தது. ஆனால் அதற்கு நேர் கீழே மட்டும் பனியைச் சுத்தமாக வழித்துத் தள்ளியிருந்தார்கள். அந்தக் குளிரிலும் யாரோ ஒரு பிள்ளை காலையில் ஆடியிருக்கிறது. மகள் காரை மெதுவாக ஓட்டச் சொல்லித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இண்டியானா பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம், தமிழில் சொன்னால் புகழ் மண்டபம். 1962இல் தொடங்கியது, 1990இல் இந்த ஊருக்கு வந்திருக்கிறது. ஏன் இங்கே என்பது பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது நியூ காசில் உயர்நிலைப் பள்ளியின் ஜிம். 1959இல் கட்டியது. ஒரு காலத்தில் 9,325 பேர் உட்காரலாம் என்று கணக்கு. ஊர் ஜனத்தொகையே இன்றைக்கு சுமார் 17,000தான்! உள்ளே நுழைந்தால் மேல்படியில் நிற்கிறோம், ஆடுகளம் எங்கேயோ கீழே கிணற்றுக்குள் இருப்பது போலத் தெரிகிறது. இந்த ஊர்ப் பையன் ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் 1983இல் பள்ளிப் போட்டி ஒன்றில் ஒரே ஆட்டத்தில் 57 பாயின்ட் போட்டவர். அவருக்கு இங்கே கோச்சாக இருந்தது அவருடைய அப்பாவேதான். மறு வருஷமே ஒலிம்பிக் தங்கம். மகள் அந்தப் படியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மண்டபத்துக்குள் முதலில் என்னை நிறுத்தியது ஜான் வுடன். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பத்துத் தடவை தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் என்றுதான் உலகத்துக்கு அவரைத் தெரியும். இங்கே அவர் மார்ட்டின்ஸ்வில் பள்ளிப் பையன். 1927இல் அந்தப் பள்ளி மாநிலக் கோப்பையை ஜெயித்தபோது அணியில் இருந்தவர். அப்புறம் சவுத் பெண்டில் பள்ளி ஆங்கில வாத்தியார், கூடவே கோச். பெரிய கோச் ஆன பிறகும், சீசனின் முதல் நாள் வீரர்களை உட்காரவைத்து சாக்ஸ் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாராம். மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. பள்ளிக்கூட வாத்தியாருக்குத்தான் அந்தப் பொறுமை வரும் என்று எனக்குத் தோன்றியது.

பெரியகுளத்தில் எங்கள் பள்ளி பி.டி. சார் தினமும் எங்களை வரிசையில் நிற்கவைத்து நகம் பார்ப்பார். நகம் வளர்த்திருந்தால் அன்றைக்குப் பந்தைத் தொட முடியாது. அடுத்தவன் கண்ணில் பட்டுவிடும் என்பார். இதை மகளிடம் சொன்னேன். "உங்களுக்கும் கோச் இருந்தாரா அப்பா?" என்றாள். இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் சொன்னதே இல்லை.

மைலன் கதையை எனக்கு முன்பே தெரியும், அவளுக்குத்தான் புதிது. 161 பிள்ளைகள் படித்த பள்ளி. அந்தக் காலத்தில் சின்னப் பள்ளி, பெரிய பள்ளி என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே போட்டி. 1954இல் கலந்துகொண்டவை 751 பள்ளிகள். கோச் மார்வின் வுட்டுக்கு வயது 26. மார்ச் 20, இறுதி ஆட்டம், எதிரே மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளி. கடைசிக் கால் பகுதியில் மைலனின் பாபி பிளம்ப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நின்றார். இன்றைக்கு என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டியில் இருப்பது போல இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. சமநிலையில் இருந்த ஆட்டத்தில் கடைசி சில விநாடி இருக்கும்போது அவர் எறிந்தது விழுந்தது. 32க்கு 30. "நாலு நிமிஷம் சும்மா நிற்க அவருக்கு யார் தைரியம் கொடுத்தார்கள்?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. பந்தைப் பிடித்து நிற்கச் சொன்னது கோச்தான். தோற்றிருந்தால் ஊரே அந்த 26 வயசுக்காரரைத்தான் கேட்டிருக்கும்.

1997க்குப் பிறகு மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரித்துவிட்டார்கள். இன்னொரு மைலன் வர இனி வழியில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெள்ளிவிழா அணி என்ற ஏற்பாடு. பள்ளியை முடித்து 25 வருஷம் ஆனவர்களில் சிலரை ஒவ்வொரு வருஷமும் தேர்ந்தெடுத்து மரியாதை செய்கிறார்கள். பதினேழு வயதில் ஊருக்காக ஆடியதை, நாற்பத்து மூன்று வயதில் கூப்பிட்டு, நாங்கள் மறக்கவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! இங்கே வைத்திருப்பது பள்ளி ஆட்டத்தை. அதற்கு மேலே போனார்களா இல்லையா என்பது இரண்டாம் பட்சம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று களைப்பில் அட்டக்ஸ் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். அதை நாலு வரியில் முடிக்கவும் மனம் வரவில்லை.

கிறிஸ்பஸ் அட்டக்ஸ், இண்டியானாபொலிஸ் நகரம் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக 1927இல் திறந்த பள்ளி. 1940களின் தொடக்கம் வரை இந்த மாதிரிப் பள்ளிகளை மாநிலப் போட்டியிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளியின் ஜிம் ரொம்பச் சின்னது, அதனால் ஆட்டங்களை எல்லாம் வெளியே போய்த்தான் ஆட வேண்டும். 1950இல் ரே க்ரோ கோச்சாக வந்தார். ஏழு சீசன், 179 வெற்றி, 20 தோல்வி. பிள்ளைகளின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுவார், படிப்பில் மார்க் குறைந்தால் விடமாட்டார்.

அவரிடம் வளர்ந்தவர்தான் ஆஸ்கர் ராபர்ட்சன். 1954இல் மைலனிடம் தோற்றார்கள். 1955இல் மாநிலக் கோப்பை. அமெரிக்காவிலேயே எல்லோரும் ஆடும் மாநிலப் போட்டியில் ஒரு கறுப்பினப் பள்ளி ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 1956இல் 31 ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. இண்டியானாவில் அதற்கு முன் எந்த சாம்பியனும் அப்படி முடித்ததில்லை.

இதை நான் சொல்லவரும் காரணம் வேறு. ஜெயித்த அணியை ஊர்வலமாக நகரின் நடுவில் உள்ள நினைவுத்தூண் வட்டத்துக்குக் கூட்டி வந்து கொண்டாடுவது அங்கே வழக்கம். 1955இல் அட்டக்ஸ் பிள்ளைகளின் வண்டி அந்த வட்டத்தைச் சுற்றிவிட்டு நிற்காமல் அவர்கள் பகுதியில் இருந்த பூங்காவுக்குப் போய்விட்டது. கொண்டாட்டம் அங்கேதான். ஜெயித்த ராத்திரியில் பதினாறு வயசுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ராபர்ட்சன் அந்த வலியைப் பல வருஷம் கழித்தும் எழுதியிருக்கிறார். 2015இல், அறுபது வருஷம் போன பிறகு, நகரத்தின் மே மாத அணிவகுப்புக்கு அந்த 1955 அணியையே தலைமை விருந்தினராக முன்னால் உட்காரவைத்தார்கள். அதற்குள் சிலர் உயிரோடு இல்லை.

மரியாதையைத் தள்ளிப்போடக் கூடாது. இன்று முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

வேலை அதிகம், சுருக்கமாகத்தான் எழுத முடியும். மகள் தானாகவே ஜூடி வாரனைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறாள். பையன்களுக்கு மாநிலப் போட்டி 1911இலேயே ஆரம்பம். பெண்களுக்கு 1976. நடுவில் அறுபத்தைந்து வருஷம். அந்த முதல் கோப்பையை ஜெயித்தது வார்சா பள்ளி, மாநிலத்தின் முதல் "மிஸ் பாஸ்கெட்பால்" அந்த அணியின் ஜூடி வாரன். "முதல் வருஷம் அவர்கள் ஜிம்மைக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததாம் அப்பா, நாங்கள் சும்மா நடந்து போகிறோம்" என்றாள். கோச்சுக்கும் இதையே மெயிலில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 1, சனி, இரவு

இன்றைக்குத்தான் பி.டி. சாருக்குப் போன் போட்டேன். எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆகிவிட்டது. கூட ஆடிய நண்பன் ஒருவன் வாங்கி அனுப்பினான்.

பெரியகுளத்துக்காரர்களுக்குக் கூடைப்பந்து என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மே மாதம், மாம்பழ சீசனில், அகில இந்தியப் போட்டி நடக்கும். இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ராணுவம், கடற்படை என்று அணிகள் வரும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், கேலரி நிறைந்து வழியும். நியூ காசில் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தக் கேலரிதான் நினைவுக்கு வந்தது. அந்த வீரர்களைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் நாங்கள் பள்ளி மைதானத்துக்கு ஓடுவோம். மண் தரை. பி.டி. சார் எங்களுக்கு முன்பே வந்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் டப்பாவில் சுண்ணாம்புத்தூளை நிரப்பி, குனிந்தபடியே தட்டித் தட்டிக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். மழை பெய்தால் கோடு போய்விடும். மறுபடி போடுவார். பந்து கிழிந்தால் செருப்புத் தைப்பவரிடம் தன் காசில் தைத்து வாங்கி வருவார். பயிற்சி முடிந்ததும் ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ. எட்டு விழாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.

அந்தப் பள்ளியில் அவர் பெயர் எழுதிய பலகை எதுவும் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை போட்டிருப்பார்கள். நானும் இருபத்தாறு வருஷமாக ஒரு போன் போடவில்லை.

இங்கே இரவு ஒன்பது, அங்கே ஞாயிறு காலை ஏழரை. எடுத்ததும் பெயரைச் சொன்னேன், எந்த வருஷத்து அணி என்றும் சொன்னேன்.

"இடது கையில போடுவியே, அந்தப் பயலா?" என்றார்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நகம் பார்த்தது, சுண்ணாம்பு டப்பா, பந்து தைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் செய்தது எதையும் நாங்கள் மறக்கவில்லை சார் என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வலி, மேட்டில் ஏற முடியவில்லை, ஆனால் மே மாதம் மேட்ச் பார்க்க மட்டும் பேரன் வண்டியில் கூட்டிப் போகிறான் என்றார். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து இந்த மே மாதம் பள்ளியிலேயே ஒரு சின்ன விழா வைக்கப்போகிறோம், அவர் பெயரை மைதானத்துச் சுவரில் எழுதத் தலைமையாசிரியரிடம் கேட்கப்போகிறோம் என்று சொன்னேன். "சுவர்ல எழுதுறது இருக்கட்டும்ப்பா, வளையத்துக்கு வலை இல்லயாம், அத மாட்டுங்க மொதல்ல" என்றார். இரண்டும் செய்கிறோம் சார் என்றேன்.

அப்புறம் மகளைப் பற்றிக் கேட்டார். பள்ளி அணியில் ஆடுகிறாள் என்றதும் குரலே மாறிவிட்டது.

"ஃப்ரீ த்ரோ பத்துக்கு எத்தன போடுறா?"

"ஆறு, சார்."

"பத்தாது. முழங்கை வெளிய போகுதான்னு பாரு. போனை அவகிட்ட குடு."

மகளுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் தடுமாறுவாள். அவரே பேசினார், இவள் "சரி சார், சரி சார்" என்றபடியே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, பந்தில்லாத கையைத் தூக்கி முழங்கையை உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் வாசலில் பந்துச் சத்தம் கேட்டு எழுந்தேன். குளிருக்குக் குல்லா போட்டுக்கொண்டு ஆடுகிறாள். ஜன்னல் வழியே எண்ணினேன். பத்துக்கு ஏழு.