வாஷிங்டன் என்னும் பெயரின் வேர்

வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர், வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்து ஊர் ஒன்றின் பெயர். 12ஆம் நூற்றாண்டில் அவ்வூரைப் பெற்ற வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்னும் நிலக்கிழார், தம் பெயரிலிருந்த பழைய ஊரான ஹார்ட்பர்னை விடுத்து இதைச் சூடிக்கொண்டார். அவர் மரபினர் 1539இல் வாங்கிய சல்கிரேவ் மனையின் வாசலில் மூன்று நட்சத்திரமும் இரண்டு பட்டையுமான குலச்சின்னத்தை இன்றும் காணலாம். அமெரிக்கத் தலைநகரின் கொடியிலும் அதுவே பறக்கிறது.

அம்மரபில் வந்த அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் இப்பெயர் கொண்டோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர் என்று படித்தபோது நெடுநேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். அடிமைத்தளை நீங்கியபின், பள்ளியில் பெயர் அழைக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கண்ட சிறுவன் புக்கர் (பின்னாளில் கறுப்பினத்தவரின் கல்விக்கு உழைத்த தலைவர்), தன் முறை வந்ததும் அமைதியாக, "புக்கர் வாஷிங்டன்" என்றான்.