31 கிலோ மின்சார சைக்கிளும் குட்டி ட்ரெய்லரும்: முன்பக்கம்தான் சரி

என் மின்சார சைக்கிள் கடைசியாக, கார் இழுக்கும் ட்ரெய்லரின் முன்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பினேன். முட்டுக்காடு பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளியபோதும் ட்ரெய்லர் வாலாட்டவில்லை. ஒரு போல்ட்கூடத் தளரவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஃபேட் டயர், அதாவது கொழுத்த டயர் மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு எடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னுடையது பேட்டரியோடு 31 கிலோ, கழற்றினால் 27. ட்ரெய்லர் இருவர் படுக்கும் கண்ணீர்த்துளி வடிவக் குட்டி. மெத்தை, அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றினால் 420 கிலோ. கார் கூரைக்கு 27 கிலோவைத் தூக்க என் முதுகு சம்மதிக்காது. மிச்சம் இருந்தது ட்ரெய்லரின் முன்னா பின்னா என்பதுதான்.

விசாரித்தவர்களில் பெரும்பாலோர் பின்னால் மாட்டச் சொன்னார்கள். இடம் தாராளம், ஏற்றி இறக்கவும் சுலபம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரோடு ட்ரெய்லரை இணைக்கும் கொக்கியிலிருந்து ட்ரெய்லரின் சக்கர அச்சு வரை 2.4 மீட்டர். சைக்கிள் இல்லாமல் கொக்கி மேல் உட்காரும் எடை 38 கிலோ. கேரியர் 9 கிலோ, சைக்கிள் 27, ஆக 36 கிலோவை அச்சுக்கு 1.6 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் கொக்கியில் 24 கிலோ குறையும். மிஞ்சுவது 14. மொத்த எடையில் 3 சதவீதம். கொக்கியில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 3 சதவீதத்தோடு 60, 70 வேகத்தில் போனால், ஒரு லாரி முந்தும்போது வரும் காற்றே ட்ரெய்லரை ஆட்டிவிடப் போதும். ஆட ஆரம்பித்தால் பிரேக் போடுவதும் ஆபத்து. போதாததற்கு பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் வேறு மறைந்துபோகும். ஆகவே பின்பக்கம் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

முன்பக்கம் என்றால், கொக்கியை நோக்கி A வடிவில் நீளும் ஏ-ஃப்ரேம் மேல், காருக்கும் ட்ரெய்லர் சுவருக்கும் நடுவில், குறுக்காக. சைக்கிளின் நீளம் 1.85 மீட்டர், ட்ரெய்லர் மட்கார்டுகளோடு 1.9 மீட்டர். அகலத்தில் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குத்தான் அதிக நேரம் போனது.

காரும் ட்ரெய்லரும் நேராக நிற்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ரிவர்ஸில் ஒடிக்கும்போது பம்பரின் மூலை ஒரு வட்டத்தில் சுழன்று ட்ரெய்லரை நோக்கி வரும். அந்த வட்டத்துக்குள் சைக்கிள் டயர் இருந்தால் நசுங்கும். எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? மொட்டை மாடியில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தேன். கொக்கி ஒரு புள்ளி, ட்ரெய்லர் சுவர் 1.3 மீட்டரில் ஒரு கோடு. கார் பின்பக்கத்தின் அகலத்துக்கு 1.76 மீட்டரில் ஒரு ரீப்பர் கட்டையை வெட்டி, புள்ளியிலிருந்து 20 செ.மீ. முன்னால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, முனை போகும் பாதையைக் குறித்துக்கொண்டே வந்தேன். வெயில் ஏறுவதற்குள் மாடி முழுக்க வளைகோடுகள்.

படம் தெளிவாகச் சொன்னது. சைக்கிளைக் கொக்கியிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் 50 டிகிரி ஒடிப்பிலேயே பம்பர் மூலை டயரில் இடிக்கும். சென்னைச் சந்துகளில் ரிவர்ஸ் எடுப்பவர்களுக்கு 50 டிகிரி என்பது தினப்படி சமாச்சாரம். 95 செ.மீ.க்குத் தள்ளினால் கிட்டத்தட்ட 90 டிகிரி வரை டயர் தப்பிக்கிறது. ஆனால் அங்கே ஹேண்டில்பார் மாட்டிக்கொள்ளும். ஒரு முனை 73 டிகிரியில் காரின் பின்கதவைத் தொடும், மறுமுனைக்கும் ட்ரெய்லர் சுவருக்கும் நடுவே 2 செ.மீ.தான் இருக்கும். ஆட்டத்தில் அந்த 2 செ.மீ. நிற்காது.

இதற்கு ஒரே வழி ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு ஒட்டித் திருப்பிவிடுவது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமின் பக்கவாட்டு ஆலன் போல்ட் இரண்டையும் தளர்த்தி, திருப்பி, அந்த நிலையிலேயே மறுபடி முடுக்கிவிட வேண்டும். மேலே இருக்கும் மூடி போல்ட்டைத் தொடக்கூடாது. அதைத் தொட்டால் ஹெட்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கை, மறுபடி சரிசெய்யும் வேலை வந்துசேரும். டிஸ்பிளே வயரும் பிரேக் ஹோஸும் இழுபடாத பக்கமாகத் திருப்புங்கள். எனக்கு இடப்பக்கம் ஒத்துவந்தது. பின்சக்கரத்தில் செயினைக் கியர் மாற்றும் டெரெய்லர், ட்ரெய்லரின் சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும். கார் சக்கரம் வாரி அடிக்கும் மணல் அதில் படாது.

95 செ.மீ.யில் இன்னொரு லாபமும் உண்டு. 60 செ.மீ.யில் வைத்திருந்தால் கொக்கி எடை 65 கிலோ ஆகியிருக்கும். இங்கே 60 கிலோ. கொக்கியைத் தாங்கும் என் காரின் டோ பாரின் வரம்பு 75 கிலோ. அப்புறம் 20 லிட்டர் தண்ணீர் கேன். அது முன்னால், மெத்தைக்குக் கீழே இருந்தது. அதை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்தேன். கொக்கி எடை 52 ஆனது, அதாவது 11 சதவீதம் சொச்சம். அச்சுக்கு மேலே இருக்கிற எடை கொக்கியைப் பாதிப்பதில்லை. வழியில் தண்ணீர் தீர்ந்தாலும் கணக்கு மாறாது. சின்ன ட்ரெய்லர் வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்யலாம், சைக்கிள் இல்லாவிட்டாலும்கூட. அளப்பதற்கு வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷினே போதும். ஆனால் ட்ரெய்லர் முனையின் கப்ளரை, அது மாட்டும் காரின் டோ பால் (உருண்டை) இருக்கும் அதே உயரத்துக்கு மரக்கட்டை வைத்து நிறுத்தித்தான் அளக்க வேண்டும். உயரம் மாறினால் எண்ணும் மாறும்.

கேரியரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் செய்தோம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மெல்லிய டயருக்கானவை. பலவற்றின் கையேட்டிலேயே ட்ரெய்லரில் மாட்டக்கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கார் பின்பக்கத்தைவிட ட்ரெய்லர் ரொம்பக் குதிக்கும் என்பதுதான் காரணம். 4 அங்குல டயர் உட்கார 125 மி.மீ. இரும்புச் சேனல் போடலாமா என்று கேட்டேன். "தம்பி, அது மீட்டருக்கே 13 கிலோ வரும், சைக்கிளை விட்டுட்டு சேனலைத்தான் இழுத்துட்டுப் போவே" என்றார் மேஸ்திரி. 2 மி.மீ. தகட்டை மடித்துத் தொட்டிபோல இரண்டு தட்டு செய்து கொடுத்தார். அடியில் மழைநீர் வடிய ஓட்டை.

ஏ-ஃப்ரேமில் துளை போடவோ வெல்டு வைக்கவோ நான் விடவில்லை. ட்ரெய்லரின் மொத்த இழுவையும் அந்த இரண்டு கம்பிகள் வழியாகத்தான் போகிறது. தகட்டை மேலும் கீழும் வைத்து யூ போல்ட்டால் இறுக்கினோம். கேரியரின் நடுக் கம்பத்திலிருந்து ஏ-ஃப்ரேமின் இரண்டு கைகளுக்கும் சாய்வுக் கம்பி கொடுத்த பிறகுதான் ஆட்டம் முழுசாக நின்றது. அதுவரை சைக்கிளைப் பிடித்து அசைத்தால் கம்பம் நுனியில் இரண்டு விரல் அளவு ஆடிக்கொண்டிருந்தது. கேரியரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் இதைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

யூ போல்ட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மற்ற நட்டு போல்ட் எல்லாம் பாரிமுனை செம்புதாஸ் தெரு. அங்கே காலையில் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நகரவே முடியாது. கடலோரமாகவே சுற்றுபவர்கள் 304 ரகத்துக்குப் பதில் 316 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேளுங்கள், உப்புக்காற்றை அது நன்றாகத் தாங்கும். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ளது) வேகமாக முடுக்கினால் மரை பிடித்துக்கொண்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் கிரீஸ் தடவி, கையாலேயே மெதுவாக முடுக்குங்கள். இணையத்தில் வாங்கிய ராட்செட் பெல்ட் ஒன்றின் பல் வீட்டிலேயே வழுக்கியது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, லாரிக்காரர்கள் வாங்கும் கடையில் வாங்கினேன். விலையும் குறைவு, தரமும் மேல்.

ஏற்றும்போது பேட்டரி சைக்கிளிலேயே இருக்கட்டும். பக்கவாட்டில் சரிவுப் பலகையைச் சாய்த்து, நடை வேகத்தில் ஓட்டும் வாக் மோடை அமுக்கினால் மோட்டாரே சைக்கிளை மேலே ஏற்றிவிடும். நாம் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். தட்டில் உட்கார்ந்ததும் பேட்டரியைக் கழற்றி காருக்குள் ஏசியில் வைத்துவிடுவேன். மூடிய ட்ரெய்லர் மே மாத வெயிலில் அடுப்பாகிவிடும், லித்தியத்துக்கு அது ஆகாது. பேட்டரி உட்காரும் இடத்தில் இருக்கும் மின் இணைப்பு முனைகளுக்கு மேல் டேப். ஃப்ரேமைப் பிடிக்கும் கை எதுவும் வைக்கவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் பெல்ட், பெடல் அச்சுக்குக் கீழே ஒரு பெல்ட், அவ்வளவுதான்.

மாமல்லபுரம் தாண்டியதும் சாலை விரிவாக்க வேலையால் நிறைய மாற்றுப்பாதை. ஸ்பீட் பிரேக்கர்களில் முதல் கியரில் ஏறி இறங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் சைக்கிளும் ட்ரெய்லரும் ஒரே உடம்பாகக் குதிக்கின்றன, தனித்தனியாக இல்லை. மரக்காணத்தில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டு உப்பளங்களுக்கு நடுவே வரப்பில் அந்தக் கொழுத்த டயரோடு ஓட்டிப் போனது இத்தனை நாள் வேலைக்கும் தகும். வந்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி எண்ணெய் விட்டேன்.

பவுடர் கோட்டிங் இன்னும் பாக்கி, இப்போதைக்கு ரெட் ஆக்சைடோடுதான் ஓடுகிறது. அதற்குள் மனம் கூரை சோலாருக்குப் போய்விட்டது. சைக்கிள் பேட்டரி 48 வோல்ட் 14 ஆம்பியர் மணி, அதாவது 672 வாட் மணி. 100 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 400 வாட் மணி போலக் கொடுத்தாலும் முழு சார்ஜுக்கு இரண்டு நாள் ஆகும். 200 வாட்டுக்குக் கூரையில் இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அதன் பிறகு ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒடிப்பு எத்தனை டிகிரி போகிறது என்று கொக்கிக்கு மேல் ஒரு கேமரா வைத்துப் பார்க்கப்போகிறேன். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு ட்ரெய்லரோடு போகும் எண்ணம் இல்லை. அதை அடிவாரத்தில் விட்டுவிட்டு சைக்கிளிலேயே ஏறுவேன். ஏலகிரி வழியில் ட்ரெய்லர் இழுத்துப் போனவர்கள் யாராவது இருந்தால், எந்த வளைவு இறுக்கமானது என்று சொல்லுங்கள்.