தையலைக் கொண்டே ஊரைச் சொல்லும் உக்ரைனியச் சட்டைகள்

உக்ரைனின் பூத்தையல் சட்டை என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் குறுக்குத் தையலில் ரோஜாக்கள் மலர்ந்திருக்கும் சட்டைதான். விஷிவான்கா என்று இன்று உலகெங்கும் அறியப்படும் அந்த உடையின் வரலாற்றில் ரோஜாக்கள் மிகவும் பிந்தி வந்தவை. அவை வருவதற்கு முன்னரே, ஒரு பெண்ணின் சட்டைக் கையைப் பார்த்து அவள் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவள், சில இடங்களில் எந்தக் கிராமத்தைச் சேர்ந்தவள் என்றுகூடச் சொல்லிவிடும் அளவுக்கு வேறுபட்ட தையல் மரபுகள் அந்த நாட்டில் வேரூன்றியிருந்தன. கையால் தைக்கப் பழகியவள் என்ற முறையில், அந்தச் சட்டைகளின் படங்களைக் காட்டிலும் அவற்றின் தையலே எனக்கு அதிகம் சொல்கிறது. அதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளிச் செடியின் நாரிலிருந்தும் கஞ்சாச் செடியின் தண்டுநாரிலிருந்தும் வீட்டிலேயே நூல் நூற்று, வீட்டுத் தறியிலேயே நெய்த துணி அது. தறி குறுகலானது என்பதால் துணியின் அகலமும் குறைவு. அந்த அகலத்தை வீணாக்காமல், வளைவாக வெட்டுவதையே தவிர்த்து, நேர்க்கோட்டில் கிழித்தெடுத்த நீள்சதுரத் துண்டுகளை இணைத்துத்தான் சட்டை உருவாக்கப்பட்டது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே தோளில் ஒரு தனித் துண்டு வரும். அதற்கு உஸ்தாவ்கா என்று பெயர். கை தாராளமாக அசைவதற்காக அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு வைக்கப்படும். பெண்களின் சட்டையில் வெளியே தெரியும் மேற்பகுதிக்கு மெல்லிய துணியும், பாவாடைக்குள் மறையும் கீழ்ப்பகுதிக்கு முரட்டுத் துணியும் பயன்பட்டன. கழுத்து, மணிக்கட்டு, மார்புத் திறப்பு, கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் தையல் செறிந்திருப்பதற்குத் தீய சக்திகளிடமிருந்து காப்பு என்ற நம்பிக்கை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. விளிம்புகளே முதலில் தேய்ந்து கிழியும் என்பது தைப்பவர் எவரும் அறிந்த மற்றொரு காரணம்.

பாவும் ஊடையும் வெளிப்படையாகத் தெரியும் இத்தகைய துணியில், பழைய தையல்கள் யாவும் இழைகளை எண்ணியே போடப்பட்டன. துணியின் மேல் பென்சிலால் வரைந்து கொண்டு தைப்பது அந்த மரபில் வழக்கமில்லை. வடிவங்கள் கோணங்களாகவும் சாய்சதுரங்களாகவும் அமைந்ததற்குக் காரணம் தறியே. ஆட்டுக் கொம்பு, ஒடிந்த கிளை, நைட்டிங்கேல் பறவையின் கண் போன்ற துளைகள் என்று வடிவங்களுக்கும் தையல்களுக்கும் கிராமத்தார் பெயரிட்டு அழைத்தனர். ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் பழஞ்சமயத்தின் இரகசியச் செய்தி பொதிந்திருப்பதாக இணையத்தில் பரவும் விளக்கங்களை என்னால் ஏற்க முடியவில்லை. தைத்த பெண்கள் சூட்டிய பெயர்கள் இருக்கும்போது, நாமாக ஒரு சங்கேத மொழியைக் கற்பிப்பது அவர்களுடைய அறிவைச் சிறுமைப்படுத்துவதாகவே முடியும்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவை மத்திய உக்ரைனின் போல்தாவா வட்டாரத்துச் சட்டைகள். அவற்றில் வெள்ளைத் துணியின் மேல் வெள்ளை நூலாலேயே தைக்கப்படும். ரெஷெத்திலிவ்கா என்ற சிற்றூர் இக்கலைக்குப் பேர்போனது. அதன் வெண்பூத்தையல் உக்ரைனின் அருவப் பண்பாட்டு மரபுகளுக்கான தேசியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. தொலைவிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சட்டையாகத் தோன்றும். அருகில் சென்றால்தான், ஒரே சட்டைக் கைக்குள் எத்தனை விதத் தையல்கள் வேலை செய்கின்றன என்பது புலப்படும். லிஷ்த்வா என்ற நெருக்கத் தையலில் நூல்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பளபளப்பாகப் படிகின்றன; துணியின் இரு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும்படி அது தைக்கப்படுகிறது. அடுத்த இதழில் நூல் வேறு திசையில் ஓடுவதால், வெளிச்சம் சாயும்போது ஓர் இதழ் மின்னுகிறது, பக்கத்து இதழ் மங்குகிறது. சிறு சதுரங்களின் ஓரத்தை முதலில் இறுக்கித் தைத்துவிட்டு, உள்ளிருக்கும் இழைகளை வெட்டி எடுத்து, எஞ்சிய இழைகளைச் சுற்றிக் கட்டும் முறையும் உண்டு. மெரெஷ்கா என்ற முறையில் ஊடை இழைகளை வரிசையாக உருவி எடுத்தபின், நிற்கும் பாவு இழைகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி வலைபோல் ஆக்குகிறார்கள். எங்கேனும் ஓர் இழையைத் தவறி வெட்டிவிட்டால் அந்த இடத்தில் துணியே பிரிந்துவிடும் என்பதால், நிறத்தின் உதவியின்றி நிழலைக் கொண்டே அழகைக் காட்டும் இந்த வேலைக்கு அசாதாரணமான பொறுமை தேவைப்படுகிறது. சில சட்டைகளில் வெளிர் சாம்பல் நிறமும் மங்கிய காவியும் மட்டும் வெள்ளையோடு சேரும்.

போல்தாவாவுக்கு நேர் எதிரான உலகம் மேற்கே தெர்னோபில் மாகாணத்திலுள்ள போர்ஷ்சிவ் வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே சட்டைக் கை முழுவதும் கறுப்புக் கம்பளி நூலால் நெருக்கமாக நிரப்பப்படுகிறது. அடித்துணி கண்ணுக்கே தெரியாது. தொட்டால் கம்பளம்போல் தடித்திருக்கும். அந்தக் கறுப்புக்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சிறு சிறு பொறிகளாக ஒளிந்திருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். கையின் அமைப்பு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. தோளில் உஸ்தாவ்கா, அதன் கீழே துணியைச் சுருக்கித் தைத்த ஒடுக்கமான வேறு நிறப் பட்டை, அதற்கும் கீழே மணிக்கட்டு வரை நேராகவோ சாய்வாகவோ இறங்கும் கோடுகள். முன்னொரு காலத்தில் படையெடுத்து வந்தவர்கள் அவ்வட்டாரத்து ஆண்களைக் கொன்று குவித்ததாகவும், பெண்கள் பல தலைமுறைகளுக்குத் துக்கம் காப்பதாக உறுதிபூண்டு கறுப்பை அணிந்ததாகவும் ஒரு கதை அங்கே வழங்குகிறது. அந்த மக்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை என்ற வகையில் அதை நான் மதிக்கிறேன். ஆயினும் வரலாற்றுச் சான்றாக அதைக் கொள்ளாமல், ஆடு வளர்த்துக் கம்பளி நூற்ற மக்களின் கைத்திறன் என்றே அச்சட்டைகளைப் பார்க்கிறேன்.

கார்பாத்திய மலைகளில் வாழும் ஹுத்சூல் மக்களிடம், குறிப்பாகக் கோஸ்மாச் கிராமத்தில், ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்பும் தணல்போல் எரியும் நுண்ணிய வடிவங்கள் உண்டு. அங்கும் அண்டை வட்டாரங்களிலும் வழங்கும் நிஸின்கா என்ற தையல், துணியின் பின்பக்கத்திலிருந்து போடப்படுவது. தைப்பவள் தன் முன்னே காண்பது வடிவத்தின் மறுதலையைத்தான். முன்பக்கத்தில் என்ன உருவாகிறது என்பதை எண்ணிக்கையாலேயே அறிந்துகொண்டு முன்னேறுகிறாள். வடக்கே காடும் சதுப்பும் நிறைந்த பொலீசியாவில் சிவப்பு நூல் மட்டும், நெய்தது போலவே தோன்றும் கிடைமட்டப் பட்டைகளாக ஓடுகிறது. தெற்கே புக்கோவினாவில் பாசிமணி, சமிக்கி, ஜரிகை எல்லாம் சேர்கின்றன. புக்கோவினாவின் மூன்று பகுதிக் கையமைப்பு ருமேனியாவிலும் மால்டோவாவிலும் வழங்குவதுதான். அவ்விரு நாடுகளின் தோள் பூத்தையல் சட்டையை 2022-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தையலுக்கு நாட்டெல்லை தெரியாது என்பதை அவ்வட்டாரம் தெளிவாகக் காட்டுகிறது.

இந்த வேற்றுமைகளை மங்கச் செய்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய அச்சிட்ட மாதிரித் தாள்கள். ஆலையில் சாயமேற்றிய சிவப்பு, கறுப்புப் பருத்தி நூல் சந்தையில் மலிவாகக் கிடைத்த காலம் அது. மாஸ்கோவில் இயங்கிய புரோக்கார் சோப்பு நிறுவனம் தன் பொருள்களோடு குறுக்குத் தையல் மாதிரிகளையும் விநியோகித்தது. கட்டம் போட்ட தாளில் ரோஜாவும் திராட்சைக் கொடியும் அச்சாகி வந்தபோது, ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய தையல்களைவிட எளிதில் கைவரும் குறுக்குத் தையலைப் பெண்கள் விரும்பி ஏற்றனர். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் இடையே கிடைத்த நேரத்தில், கண்ணுக்குப் பிடித்த பூவைத் தைத்தார்கள். நாளடைவில் அதுவும் மரபாகிவிட்டது. இழப்பு நேர்ந்ததும் உண்மையே. ஒரே தாளைப் பார்த்துத் தைத்த சட்டைகள் நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியிலும் ஒன்றுபோலவே ஆயின.

மறையக்கூடியதைப் பதிவுசெய்ய முற்பட்டவர்களில் ஒலேனா ப்சீல்கா முதன்மையானவர். கவிஞர் லெஸ்யா உக்ராயின்காவின் தாயான அவர், வொலின் வட்டாரத்துக் கிராமங்களில் திரட்டிய தையல், நெசவு வடிவங்களை 1876-இல் கீவ் நகரில் நூலாக வெளியிட்டார். உக்ரைனிய மொழியில் நூல்கள் அச்சிடுவதை ரஷ்யப் பேரரசு கடுமையாகத் தடைசெய்த ஆண்டும் அதுவே என்பதை நினைத்தால், ஊசிவேலையைப் பற்றிய ஒரு நூல் எத்தகைய சூழலில் வந்தது என்பது விளங்கும். கிராமத்து உடையாக இருந்த சட்டையைப் படித்தவர்கள் தம் அடையாளமாக அணியத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்; எழுத்தாளர் இவான் ஃபிராங்கோ அதை ஐரோப்பியக் கோட்டுக்குள் அணிந்து வழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். 1915-இல் வெர்பிவ்கா கிராமத்துத் தையற்காரிகள் மாலெவிச் முதலிய நவீன ஓவியர்களின் வடிவங்களைத் தைத்து மாஸ்கோவில் காட்சிக்கு வைத்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். வண்ணச் சதுரங்களையும் முக்கோணங்களையும் அந்தப் பெண்கள் தயக்கமின்றித் தைத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

பின்னர் வந்த காலம் கொடியது. 1932–33 பெரும் பஞ்சத்தில் பெட்டியில் காத்து வைத்திருந்த சட்டைகளைக் கொடுத்துத் தானியம் வாங்கிய குடும்பங்கள் பல. சோவியத் அரசு பூத்தையலைக் கூட்டுறவுப் பட்டறைகளில் வளர்த்து, மேடை உடையாகவும் ஏற்றுமதிப் பொருளாகவும் ஆக்கியது. சோவியத் தலைவர் குருஷ்சேவே பூத்தையல் சட்டையோடு காட்சியளித்தார். அதே சட்டையை 1960களில் இளம் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தம் விருப்பப்படி அணிந்தபோது அது சந்தேகத்துக்குரிய உடையாயிற்று. கவிஞர் இரினா செனிக், ரஷ்யாவின் மொர்தோவியாவிலிருந்த அரசியல் கைதிகளின் முகாமிலும் பூத்தையலைக் கைவிடவில்லை. சிற்பி இவான் ஹொன்சார் கீவில் தம் வீட்டையே அருங்காட்சியகமாக்கிக் கிராமங்களிலிருந்து சட்டைகளைத் திரட்டி வைத்தார். இன்று அது அவர் பெயரிலேயே இயங்கும் பெரிய நிறுவனம்.

2006-இல் செர்னிவ்சி பல்கலைக்கழக மாணவி லெஸ்யா வொரோனியூக் தொடங்கிய விஷிவான்கா நாள், இப்போது மே மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை உலகின் பல நகரங்களில் கொண்டாடப்படுகிறது. அன்று வீதியில் காண்பவற்றில் பெரும்பகுதி இயந்திரத் தையல். அதையும் நான் மகிழ்ச்சியோடே பார்க்கிறேன், ஏனெனில் கைத்தையல் சட்டை ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்புச் செல்லும்போது எல்லோராலும் அதை வாங்க இயலாது. அதே வேளையில், அருங்காட்சியகச் சட்டைகளைப் பெரிதாக்கிப் படமெடுத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணி, நிஸின்காவையும் வெண்பூத்தையலையும் அதே துணியின் தடிமனில் மீண்டும் தைத்துப் பழகும் பெண்களும் இருக்கிறார்கள். தாம் தைத்த சட்டைக் கையைப் படமெடுத்துப் பகிரும்போது, அவர்களில் பலர் அதன் பின்பக்கத்தையும் சேர்த்தே காட்டுகிறார்கள்.