சியோல் தெருவில் குதிகால்கள்: ஒரு நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 8, சனி

உறைநிலைக்குக் கீழே குளிர். தோங்தேமுன் டிசைன் பிளாசா வாசலில் நின்ற கூட்டம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சியோல் ஃபேஷன் வீக் நடக்கிறது. உள்ளே நடக்கும் ஷோவுக்கு அழைப்பு உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். வெளியே நிற்பவர்களில் பாதிப் பேர் உடுத்திக் காட்ட வந்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் படமெடுக்க வந்தவர்கள். சாஹா ஹதீத் வடிவமைத்து 2014-இல் திறந்த கட்டடம் இது. நேர்கோடே இல்லாத வெள்ளிச் சுவர், எங்கே திரும்பினாலும் சரிவு. படமெடுக்க அருமையான இடம், பென்சில் ஹீல்ஸில் நடக்கப் பொல்லாத இடம்.

நான் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த சோல் வைத்த பூட்ஸ், பெரிய ஓட்ட ஷூ, முட்டி வரை ஏறும் கம்பளிக் காலுறை. மெல்லிய குதிகால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரு பெண் கறுப்புப் பென்சில் ஹீல்ஸில் சரிவின் நடுவே நின்றாள். அவள் தோழி பஞ்சுக் கோட்டையும் ஒரு ஜோடி ஸ்னீக்கரையும் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். கேமராக்கள் ஓய்ந்ததும் இவள் தோழியின் தோளைப் பிடித்து ஷூவை மாற்றிக்கொண்டாள். இருவரும் சிரித்துக்கொண்டே சுரங்க ரயிலுக்கு இறங்கினார்கள். அந்த உயரம் அவளாகத் தேர்ந்தெடுத்தது, வேண்டிய நேரத்துக்கு மட்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

காலை இரண்டாம் தடத்து ரயில், கங்னம் போகும் நெரிசல். தலை தூக்க இடமில்லாதபோது தரையைப் பார்ப்பதுதான் வழி. வெள்ளை ஸ்னீக்கர், லோஃபர், தட்டையான பாலே ஷூ. அலுவலகம் போகும் பெண்களின் கால்கள்தான் எல்லாம்.

குதிகால் எங்கே என்றால், மேசைக்கு அடியில். எங்கள் தளத்தில் பெரும்பாலான பெண்களின் மேசைக்குக் கீழே இரண்டு ஜோடி இருக்கும். ஒன்று மூன்று கோடு போட்ட ரப்பர் ஸ்லிப்பர், நாள் முழுக்க அதுதான். இன்னொன்று கறுப்புப் பம்ப்ஸ், வாடிக்கையாளர் வரும் நாளுக்கு. எங்கள் குழுவின் மூத்த அக்கா சொன்னார்: "நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டிலிருந்தே ஏழு சென்டிமீட்டரோடு கிளம்புவேன். ஸ்னீக்கரில் வந்தால் மேலாளர் முகம் மாறும்." கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை செய்த பிறகு யாருக்கும் பழைய ஷூவுக்குள் காலை நுழைக்க மனம் வரவில்லையாம்.

அதற்கு முன்பே காற்று திரும்பிவிட்டது என்று நினைக்கிறேன். 2018 ஏப்ரலில் ஒரு தேசியத் தொலைக்காட்சியில் இம் ஹியொன்ஜு கண்ணாடி போட்டுக்கொண்டு காலைச் செய்தி வாசித்தார். ஆண் வாசிப்பாளர்கள் பல காலமாகக் கண்ணாடியோடுதான் வாசித்தார்கள். ஒரு பெண் போட்டதும் நாடே பேசியது. அதே ஆண்டில் இளம்பெண்கள் மேக்கப் டப்பாக்களை உடைத்துப் படம் போட்டார்கள், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். ஹீல்ஸும் அந்தக் குவியலில் சேர்ந்தது.

நேர்முகத் தேர்வு மட்டும் இன்னும் மாறவில்லை. பக்கத்து மேசைத் தோழி, போன வருடம் சேர்ந்தவள், தேர்வுக்குக் கோட்டும் பாவாடையும் ஷூவும் இரவலாகத்தான் போட்டுப் போனாளாம். வேலை தேடும் இளைஞர்களுக்கு சியோல் மாநகராட்சி 2016 முதல் இவற்றை இலவசமாகக் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முன்பின் தெரியாத யாரோ போட்டுப் பழகிய ஷூவில் நின்று, "உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. குதிகாலுக்கு மேலே ஒட்டிய பிளாஸ்திரியை வீட்டுக்குப் போய் உரித்தபோது தோலும் சேர்ந்து வந்ததாம்.

பிப்ரவரி 22, சனி

இன்று சொங்சு. பல நாளாகப் போக நினைத்த இடம்.

ரயில் நிலையத்திலேயே ஷூ செய்யும் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கொரியாவின் கைத்தொழில் ஷூவுக்குப் பெயர்போன பேட்டை இது. அதற்கும் முன்பு சியோல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யொம்சொன் பாலத்தடியில் ஷூக் கடைகள் முளைத்தன. போருக்குப் பின் அமெரிக்கப் படையின் பழைய பூட்ஸைப் பிரித்து, அந்தத் தோலில் புது ஷூ தைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன, நகர நடுவில் வாடகை ஏறியது, பட்டறைகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் நகர்ந்தன.

யொன்முஜாங் தெருவில் இப்போது நடப்பதே கஷ்டம். வாரம் ஒரு பிராண்டு புதுக்கடை போட்டுக் கலைக்கிறது. 2022-இல் டியோர் கண்ணாடி மாளிகை ஒன்றைக் கட்டிவிட்டது. முசின்சாவின் தலைமையகமும் அதே ஆண்டு இங்கே வந்தது. 2001-இல் ஒரு பள்ளி மாணவர் ஸ்னீக்கர் படங்கள் போடுவதற்காகத் தொடங்கிய இணையப் பக்கம், இன்று நாட்டின் பெரிய ஆடை விற்பனைத் தளம். குதிகால் ஷூ செய்த பேட்டைக்கு ஸ்னீக்கர் படம் போட்டவர்களே குடிவந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, ஆனால் ஏறும் வாடகையைப் பட்டறைக்காரர்களும்தானே கட்ட வேண்டும்.

அந்தத் தெருவிலிருந்து இரண்டு சந்து உள்ளே போனால் சத்தம் மாறுகிறது. தையல் எந்திரம், சுத்தியல், பசை வாசனை. ஆம்பூர்ப் பக்கம் வளர்ந்தவள் என்பதால் அந்த வாசனை எனக்குப் புதிதில்லை. இரண்டாம் மாடியில் ஒரு பட்டறை, அறுபதைத் தாண்டிய பெரியவர். "ஐயா, வேலை செய்வதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றேன். நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார்.

அப்பர் என்கிற ஷூவின் மேல்பகுதியைத் தைப்பவர் வேறு, சோல் கட்டுபவர் வேறு. இவர் சோல் கட்டுபவர். தைத்து வந்த அப்பரைக் கால் வடிவ லாஸ்ட் மேல் கவிழ்த்து, குறட்டால் இழுத்து, சிறு ஆணி அடித்து நிறுத்துகிறார். மூக்குப் பக்கம் முதலில், பிறகு பக்கவாட்டு, கடைசியில் குதி. ஒரு இழுப்பு கூடினால் தோல் வெளுக்கும், குறைந்தால் சுருங்கும். வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டே பேசினார். ஹீல்ஸ் ஷூவின் உயிர் வெளியே தெரியாத ஒரு எஃகுத் தகட்டில் இருக்கிறது என்றார். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே பாதம் அந்தரத்தில் நிற்கும் இடத்தில், உள்ளங்காலின் வளைவோடு வளைத்து வைப்பது. அது பாலம் மாதிரி. தகடு சரியாக உட்காராவிட்டால் நடக்கும்போது ஷூ வளைந்து கொடுக்கும், குதிகால் பின்னால் சாயும், போட்டவள் விழுவாள். மெல்லிய குதிகால் என்றால் பிளாஸ்டிக் குதிக்குள் ஒரு எஃகுக் கம்பியும் ஓட வேண்டும்.

உயரம் கூடக் கூட உடலின் எடை முன்பாதத்துக்குச் சரிகிறது. எல்லா எடையும் விரல்களின் அடியில். மூக்கு வேறு கூர்மையாக இருந்தால் கட்டைவிரல் உள்ளே வளையும், அதன் பக்கத்து எலும்பு புடைக்கும். மருத்துவர் சொல்ல வேண்டியதை இவர் சொன்னார். காலைத் தொட்டு அளவெடுத்தே காலம் போயிருக்கிறது. கடையில் 235, 240 என்று மில்லிமீட்டரில் நீளம் மட்டும்தான் போட்டிருப்பார்கள். இவர் காகிதத்தில் பாதத்தை வரைந்து, விரல் மூட்டைச் சுற்றி ஒன்று, மேல்பாதத்தில் ஒன்று என்று டேப் பிடிப்பார். எலும்பு புடைத்த கால் என்றால் லாஸ்டில் அந்த இடத்தில் தோல் துண்டு ஒட்டி உயர்த்திக்கொள்வார். அதனால் ஷூவில் அங்கே இடம் கிடைக்கும்.

இப்போது அதிகம் செய்வது லோஃபரும் மூன்று சென்டிமீட்டர் ஹீல்ஸும்தானாம். "உயரம் குறைந்தால் வேலை குறையாது. கூலி மட்டும் குறையும்" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று அவர் கூலி என்றதும் 2018 நினைவுக்கு வந்தது. இதை எழுதாமல் விட முடியாது.

அந்த வசந்தத்தில் ஒரு பெரிய பெண்கள் ஷூ நிறுவனத்துக்குத் தைத்துக் கொடுத்த தொழிலாளர்கள் அதன் தலைமையகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பலருக்கு ஐம்பது, அறுபது வயது. ஒரு ஜோடிக்கு அப்பர் வேலைக்கோ சோல் வேலைக்கோ கிடைத்தது சுமார் 6,500 முதல் 7,000 வொன். எட்டு ஆண்டுகளாக அது ஏறவில்லை. கடையில் அதே ஜோடி இரண்டு, மூன்று லட்சம் வொன்னுக்குப் போகும். தனித்தனிச் சிறு முதலாளிகள் என்று காகிதத்தில் பதிந்திருந்ததால் விடுப்பு, ஓய்வுத்தொகை எதுவும் கிடையாது. மே மாதம் ஜோடிக்கு 1,300 வொன் உயர்வு கிடைத்தது. பிறகு சொங்சு பட்டறைகளுக்கும் போராட்டம் பரவியது.

ஹீல்ஸ் வேண்டுமென்று கேட்டது அலுவலகம், நேர்முகத் தேர்வு, கல்யாண மண்டபம். வலி போட்டவளுக்கு, தேய்மானம் ஷூவைச் செய்தவருக்கு. இருவரும் ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் என்பது என் கட்சி. பெண்கள் ஹீல்ஸைக் கழற்றியதால்தான் தொழில் போயிற்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹீல்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் கூலி இப்படித்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

மதிய நடை. 2007-இல் சியோல் மாநகராட்சி பெண்களுக்கு இணக்கமான நகரம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. கழிப்பறை, தெருவிளக்கு, அப்புறம் குதிகால் சிக்காத நடைபாதை. 2009-இல் கார் நிறுத்துமிடங்களில் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புக் கோடும் வந்தது. அந்தக் கோட்டை 2023-இல் குடும்பங்களுக்கான இடமாக மாற்றினார்கள், சரிதான். நடைபாதையைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லிடுக்கு இல்லாத பாதையில் சக்கர நாற்காலியும் போகும், தள்ளுவண்டியும் போகும், பாட்டியின் ஊன்றுகோலும் போகும்.

மார்ச் 18, செவ்வாய்

மார்ச் பாதி தாண்டிப் பனி! காலையில் கதவைத் திறந்தால் தெரு வெள்ளை. சியோல் மேடும் பள்ளமுமான ஊர், இப்படிப்பட்ட நாளில் குதிகாலோடு இறங்க யாராலும் முடியாது.

பம்ப்ஸின் குதிமுனை தேய்ந்து ஆணி தட்டியதால் மாலையில் நடைபாதையோர ஷூப் பெட்டிக்குப் போனேன். ஒருவர் உட்காரும் அளவுள்ள உலோகப் பெட்டிக்கடை, மாநகராட்சி அனுமதியோடு நடத்துவது. நீட்டிய ஸ்லிப்பரை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால், பழைய முனையைக் குறட்டால் பிடுங்கி, புதியதை அடித்து, ஓரத்தைத் தேய்த்துச் சீராக்கித் தருவார். ஐயாயிரம் வொன். முன்பெல்லாம் ஒருவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி ஷூக்களைச் சேகரித்து வருவாராம், இன்னொருவர் உட்கார்ந்து பாலிஷ் போடுவாராம். ஸ்னீக்கருக்குப் பாலிஷும் வேண்டாம், முனையும் வேண்டாம். இந்தத் தெருவிலேயே பக்கத்துப் பெட்டி பூட்டிக் கிடக்கிறது.

மார்ச் 29, சனி

அலுவலக நண்பர் கல்யாணம். அரை மணி நேரச் சடங்கு, பிறகு பந்தி. மணப்பெண்ணின் கவுனுக்குள் கட்டை மாதிரி உயர்ந்த ஷூ, நடக்க ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரு அம்மாக்களும் ஹன்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையில். அந்தத் தரை தொடும் பாவாடைக்குள்ளும் குதிகால் உண்டு என்று தோழி காதில் சொன்னாள்! பூ வேலை செய்த ஷூவின் அடியில் ஹீல்ஸ் வைத்துத்தான் இப்போது விற்கிறார்கள்.

பந்தியில் மாப்பிள்ளையின் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். 1973-இல் அவருக்கு இருபது வயது. குட்டைப்பாவாடைக்குச் சட்டம் வந்த ஆண்டு. போலீஸ்காரர்கள் அடிக்கோலோடு தெருவில் நின்றார்கள், முட்டிக்கு மேல் 17 சென்டிமீட்டர் தாண்டினால் பிடிப்பார்கள். "மியோங்தோங்கில் அவர்களைப் பார்த்ததும் ஹீல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்" என்றார். இன்று அவர் காலில் இளநீல நடை ஷூ. இவ்வளவு நன்றாக உடுத்திய ஒருவரை அந்த மண்டபத்தில் நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

சோங்ஜுவிலிருந்து ஜேஜுவுக்கு ஏரோ கே விமானம். பணிப்பெண்கள், ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரிக் கால்சட்டை, ஸ்னீக்கர். 2021-இல் பறக்கத் தொடங்கியபோதே இப்படித்தான். இன்னொரு பெரிய விமான நிறுவனத்தில் பெண்கள் கால்சட்டை போடவே 2013-இல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரை செய்ய வேண்டியிருந்தது. அவசரக் கதவைத் திறந்து நம்மை இறக்க வேண்டியவர்கள் ஓட முடிகிற ஷூவில் இருப்பது எனக்கு நிம்மதி.

ஏப்ரல் 12, சனி

தோழியின் அம்மாவைப் பற்றி இப்போதுதான் தெரிந்தது. 1990-களில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் நகைப்பிரிவில் வேலை. நாள் முழுக்க ஹீல்ஸில் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. 2008-இல் தொழிற்சங்கங்கள் நின்று வேலை செய்யும் பெண்களுக்கு நாற்காலி கேட்டு நாடு முழுக்கப் பிரசாரம் செய்தன. அதற்கு முன்பே அவர் வேலையை விட்டிருந்தார். இரண்டு காலிலும் கட்டைவிரல் எலும்பு புடைத்துவிட்டது. கடையில் எந்த ஜோடியும் ஒத்துவராமல், மழையோ பனியோ ஒரே துணி ஷூவில் காலம் தள்ளுகிறார்.

சொங்சு பெரியவருக்குப் போன் செய்தேன். குதிகால் எவ்வளவு வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். தோழி போனை வாங்கி, "அம்மாவுக்கு இரண்டு சென்டிமீட்டர் வேண்டுமாம், தட்டையாக வேண்டாமாம், சிவப்பாக இருக்க வேண்டுமாம்" என்றாள். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். கால் மாலையில் வீங்கும், அதனால் காலையில் ஒரு அளவு, சாப்பிட்டுவிட்டு நடந்து வந்த பிறகு இன்னொரு அளவு எடுக்க வேண்டுமாம்.