கோரிகாஞ்சாவிலிருந்து பேராலயம் வரை: குஸ்கோவில் புனித வாரத் திங்கள்

பெரு நாட்டின் குஸ்கோ நகரில், கோரிகாஞ்சா என்னும் பழைய சூரியக் கோயிலுக்கும் நகரின் பேராலயத்துக்கும் இடையே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தூரந்தான் இருக்கும். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், நிலநடுக்கத்திலிருந்து காப்பவரென்று ஊரார் நம்பும், சிலுவையில் அறையுண்ட இயேசுவின் சுரூபமான நிலநடுக்க ஆண்டவரின் பவனியைக் காண வரும் வெளியூர்த் திருப்பயணிகள் பலரும் நேராகப் பேராலயச் சதுக்கத்துக்கே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு கத்தோலிக்கர் இந்த நடையைக் கோரிகாஞ்சாவில்தான் தொடங்க வேண்டும். நம் சமயத்தின் பெயரால் அங்கே எது பறிக்கப்பட்டது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு ஆண்டவர் திருமுன் நிற்பதே முறை என்று எனக்குத் தோன்றியதால், நானும் அங்கிருந்தே புறப்பட்டேன். நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு வாங்குவதால் எவரும் மெதுவாகத்தான் நடக்க முடியும். திருப்பயணத்துக்கு அதுவும் நல்லதே.

கோரிகாஞ்சா இன்று வெளியிலிருந்து பார்ப்பதற்குச் சாந்தோ தொமிங்கோ என்ற தொமினிக்கன் சபை ஆலயமும் மடமுமாகவே தெரிகிறது. ஆனால் ஆலயத்தின் பின்புறத்தைத் தாங்கி நிற்கும் கரிய, வளைந்த சுவர், ஸ்பானியர் வருமுன் இந்நாட்டை ஆண்ட இன்கா மக்கள் எழுப்பியது. 1532ஆம் ஆண்டு கஹமார்கா என்ற ஊரில் ஸ்பானியரால் சிறைபிடிக்கப்பட்ட இன்கா மன்னர் அதாவால்பாவின் மீட்புத் தொகைக்காக, மறு ஆண்டு இங்கே வந்த ஸ்பானியர்கள் கோயிற்சுவர்களில் பதித்திருந்த பொன் தகடுகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். அவை உருக்கிக் கட்டிகளாக்கப்பட்டன. மன்னரோ மீட்புப் பொருளைக் கொடுத்தும் கொல்லப்பட்டார். பின்பு இந்த இடம் நாட்டை வென்ற ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவின் தம்பி ஹுவான் பிசாரோவின் பங்காகி, அவர் வழியாகத் தொமினிக்கன் துறவியருக்கு வந்தது.

மடத்தின் உள்முற்றத்தைச் சுற்றி இன்கா அறைகள் சில அப்படியே நிற்கின்றன. சுண்ணமோ வேறு எந்தச் சாந்தோ இல்லாமல், கல்லோடு கல் பொருந்தும்வரை செதுக்கி அடுக்கிய சுவர்கள் அவை. சுவர் அடியில் தடித்து, மேலே செல்லச் செல்ல உட்புறமாகச் சாய்கிறது. வாயில்களும் மாடக்குழிகளும் கீழே அகன்றும் மேலே குறுகியும் இருக்கின்றன. நிலம் ஆடும்போது கற்கள் சற்றே அசைந்து, அதிர்வு நின்றதும் தம் எடையாலேயே பழைய இடத்தில் அமர்ந்துவிடும் என்று விளக்கம் தருகிறார்கள். 1650 மார்ச் 31இல் நகரைக் குலைத்த நிலநடுக்கம் மேலே இருந்த ஆலயத்தைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். 1950 மே 21இல் மறுபடியும் பெரும் நடுக்கம் வந்து மடத்தின் பகுதிகள் இடிந்தபோது, பூச்சுக்கும் பிற்காலச் சுவருக்கும் பின்னே மறைந்திருந்த இன்கா வேலைப்பாடு வெளிப்பட்டது. நிலநடுக்கத்திலிருந்து காக்கும்படி ஆண்டவரை வேண்டும் ஊரில், நிலநடுக்கத்தை அறிந்து கட்டியவர்களின் கோயிலை நாம் இடித்திருக்கிறோம். அந்த முற்றத்தில் நின்று செபமாலை சொல்ல முயன்றேன்; மனம் மன்னிப்பு மன்றாட்டைத் தாண்டிப் போகவில்லை.

அங்கிருந்து சதுக்கத்தை நோக்கிச் செல்லும் லொரேதோ தெரு குறுகலானது. இருபுறமும் நெடுஞ்சுவர். வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் இன்கா காலத்தில் அக்லா என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் வாழ்ந்தார்கள். சூரிய வழிபாட்டுக்கும் அரச குடும்பத்துக்கும் மெல்லிய துணி நெய்வதும், சடங்குகளுக்கான மக்காச்சோளக் கள் வடிப்பதும் அவர்கள் பணி. இப்போது அதே வளாகத்தில் புனித கத்தரீனாவின் துறவற மடம் இருக்கிறது. ஆட்சியும் சமயமும் மாறிய பிறகும், இறைவனுக்கென்று ஒதுக்கப்பட்ட பெண்களின் இல்லமாக அந்த இடம் நீடிப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இடப்பக்கம் இயேசு சபையாரின் ஆலயம். அதுவும் இன்கா அரண்மனை மனையில் எழுந்தது, அதுவும் 1650இல் விழுந்து மீண்டும் கட்டப்பட்டது.

தெரு முடிந்ததும் சதுக்கம் விரிகிறது. இன்கா காலத்தில் ஹவுகாய்பாத்தா என்று வழங்கிய இந்த வெளியில் பசிபிக் கடற்கரையிலிருந்து சுமந்து வந்த மணலைப் பரப்பியிருந்தார்கள். மலைநாட்டு நகரத்துக்குக் கடல் மணல்! ஸ்பானிய அதிகாரி போலோ தெ ஒந்தேகார்தோ அதை அள்ளச் செய்து பேராலயக் கட்டுமானத்துக்குக் கொடுத்தார். திருவிழா நாட்களில் மறைந்த மன்னர்களின் பதப்படுத்திய உடல்களை ஆடை அணிவித்து இந்த வெளிக்குக் கொண்டுவந்து, உணவும் கள்ளும் படைப்பது இன்கா வழக்கம். 1559இல் அதே ஒந்தேகார்தோ அவ்வுடல்களைத் தேடிப் பிடித்து அகற்றினார். ஆனாலும் ஆண்டுதோறும் ஆண்டவரின் திருவுடல் பெருவிழாவுக்கு, பங்குகளிலிருந்து பதினைந்து புனிதர் சுரூபங்கள் சப்பரமேறி இதே வெளிக்கு வருகின்றன. பேராலயத்தினுள் ஒன்றாகத் தங்கி, திருமணத்துக்கு மூத்தவர் வீட்டில் கூடிய உறவினரைப்போல இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் என்று ஊரார் சொல்வார்கள். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த இரண்டாம் துபாக் அமாரு 1781 மே 18இல் கொல்லப்பட்டதும் இங்கேதான். அந்த நினைவையும் சுமந்துகொண்டுதான் பேராலயப் படியேற வேண்டியிருக்கிறது.

பேராலயக் கட்டுமானத்துக்கு நூறாண்டுக்கு நெருங்கிய காலம் ஆயிற்று. மேல்குன்றிலுள்ள சக்சய்வாமான் கோட்டையிலிருந்து பெயர்த்த கற்களே அதன் சுவர்களில் பெரும்பகுதி. உள்ளே சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாரையும் மார்கோஸ் சபாத்தாவின் இறுதி இராவுணவு ஓவியத்தின் முன் நிறுத்துகிறார்கள். இயேசுவின் பந்தித் தட்டில் அந்த மலைநாட்டவர் விருந்துக்குச் சமைக்கும் கூய் என்ற சிறு விலங்கு கிடப்பதால் அதற்கு அவ்வளவு கூட்டம். எனக்கோ, 1650 நிலநடுக்கத்தைக் காட்டும், மொன்றோய் என்பவர் வரைவித்த ஓவியந்தான் முக்கியமாகப் பட்டது. வீடுகள் எரிகின்றன, கோபுரங்கள் சரிகின்றன. நடுவே சதுக்கத்தில் பாடுபட்ட சுரூபத்தைத் தூக்கிவந்து மக்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். சுரூபம் வெளியே வந்ததும் அதிர்வு தணிந்ததென்று நம்பியவர்கள் அவரை நகரின் காவலராக ஏற்றார்கள். மலைநாட்டின் பூர்வமொழியான கெச்சுவா பேசும் மக்கள் வாயில் அவர் ‘தைத்தாச்சா தெம்ப்லோரெஸ்’, அதாவது நடுக்கத்தின் அப்பா.

சுரூபம் கருநிறமானது. நூற்றாண்டுகளாக ஏற்றிய மெழுகுவர்த்திகளின் புகையும் எண்ணெயும் மேலே எறியப்பட்ட மலர்களின் சாறும் படிந்தே இந்நிறம் வந்ததென்று காரணம் கூறுகிறார்கள். ஸ்பானிய அரசர் அனுப்பிவைத்த சுரூபம் என்ற பழங்கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் அனுப்பியிருந்தாலும், அவரை மலைநாட்டவரின் நிறத்துக்கு மாற்றியது அந்த மக்களின் வழிபாடுதான்.

மாலையில் அவர் சப்பரத்தில் வெளியே வரும்போது சதுக்கத்தில் நிற்க இடமிருக்காது. மாடங்களிலிருந்து ‘ஞுக்சு’ என்னும் சிறிய செந்நிறக் காட்டுப் பூவை அள்ளி அள்ளித் தூவுகிறார்கள்; திருக்காயங்களின் இரத்தமாகவே அதை எண்ணுகிறார்கள். பழைய தெய்வங்களுக்கும் இந்தப் பூவைத்தான் சாத்தினார்கள் என்று பலர் சொல்கிறார்கள். பழைய நகரத் தெருக்களைச் சுற்றிவிட்டு இருட்டும் வேளையில் பேராலய வாயிலுக்குத் திரும்பும் சப்பரத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, மும்முறை தாழ்த்தி ஆசீர் அளிக்கச் செய்கிறார்கள். அதுவரை வாய் ஓயாதிருந்த கூட்டம் முழந்தாளிட, முதியவர்கள் விம்மி அழுவதை அருகிலிருந்து கேட்டேன். அடுத்த புனித வாரத்தைக் காண்போமோ என்ற அச்சம் அவர்கள் அழுகையில் இருப்பதாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்கு மன்றாடச் சொற்கள் வரவில்லை. காலையில் முற்றத்தில் நின்றுபோன மன்னிப்பு மன்றாட்டையே முடித்தேன்.

இந்த நடையை மேற்கொள்ள விரும்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பகலில் பேராலயத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு. அதிகாலைத் திருப்பலிக்கு வழிபட வருவோருக்கு அது தேவையில்லை. படம் எடுக்க அனுமதியில்லாத அந்த நேரத்தில், போர்வையில் குழந்தையை முதுகோடு கட்டிய பெண்கள் கெச்சுவா மொழியில் அப்பாவிடம் வாய்விட்டு முறையிடுவதைக் கேட்கலாம். பவனி நாளைத் தவிர்த்துச் செல்வதாக இருந்தாலும், முதலில் கோரிகாஞ்சா, பிறகு லொரேதோ தெரு, அதன்பின் பேராலயம் என்ற வரிசையை மாற்றாமல் நடக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.