பெரியப்பாவின் ஒமேகா

செப்டெம்பர் 30 வந்தால் பெரியப்பாவின் ஞாபகம்தான். கப்பல்கள் நடுக்கடலில் தாம் நிற்கும் இடத்தை ரேடியோ அலைகளால் அறிய உதவிய ஒமேகாவை 1997-இல் இதே நாளில் நிறுத்தினார்கள்.

சரக்குக் கப்பலில் இருந்தவர். லீவில் வந்தால் திருகோணமலை டச்பே மணலில் இரண்டு சிப்பி வைப்பார். "தம்பி, இது ரீயூனியன் தீவு, அது யப்பான். ரெண்டும் ஒரே தாளத்தில அலை அனுப்புது. எது எவ்வளவு பிந்தி வருது என்று பார்த்தால், நாங்கள் எந்தக் கோட்டில நிற்கிறம் என்று தெரியும்." விரலால் வளைகோடுகள் கீறுவார். மூன்றாவது சிப்பி வைத்ததும் கோடுகள் வெட்டும். அங்கேதான் கப்பல்.

உலகம் முழுவதற்கும் எட்டே நிலையங்கள்! 10.2 கிலோஹேர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 29 கிலோமீற்றர். தரைக்கும், மேலே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயன மண்டலத்துக்கும் நடுவே, குழாய்க்குள் போவதுபோல ஆயிரக்கணக்கான மைல் போகும். பிழை இரண்டு முதல் நான்கு கடல் மைல் வரை வரும். நடுக்கடலில் அது பெரிய துணை. கொட்டியார் குடாவுக்குள் நுழைய வெளிச்சவீடுதான் வேண்டும்.

ஒரே மாதிரிக் கோடுகள் திரும்பத் திரும்ப வருவதால், துறைமுகத்தை விட்டதிலிருந்து எண்ணிக்கொண்டே போகவேண்டும். ஒருமுறை கரண்ட் நின்று எண்ணிக்கை தவறிவிட்டது. அன்றிரவு நட்சத்திரம் பார்த்துத்தான் இடத்தைப் பிடித்தாராம்.

ஒமேகா அலைகளை வாங்கிப் பதிந்த கப்பல் கருவியின் காகிதச் சுருளில் ஒரு துண்டு எங்கள் அலுமாரியில் இருக்கிறது. நீல மையில் நேராக ஓடும் கோடு, அயன மண்டலம் மாறியதால், ஓரிடத்தில் மெல்ல வளைகிறது. பக்கத்தில் பென்சிலால் அவர் எழுத்து: "பொழுது பட்டது."